மைல் 16 இரண்டு இடத்தில் இருக்கிறது: ஹவாய்த் தீவுகளின் சாலை எண்களை எப்படிப் படிப்பது?

கேள்வி: வரும் டிசம்பரில் என் பெற்றோரை அழைத்துக்கொண்டு மௌயி, கவாயி, ஹவாய்ப் பெருந்தீவு ஆகிய மூன்றுக்கும் செல்கிறோம். மூன்றிலும் வாடகைக் கார்தான். மௌயியில் ஒரே சாலை பாதித் தூரம் 36 என்றும் மீதித் தூரம் 360 என்றும் வரைபடத்தில் இருக்கிறது. எங்களிடம் உள்ள பழைய வரைபடத்தில் பெருந்தீவின் 130ஆம் எண் சாலை கடலோரமாகவே எரிமலைத் தேசியப் பூங்காவுக்குப் போகிறது. கைப்பேசியில் அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. எவை இப்போதைய நெடுஞ்சாலைகள், எவை பழையவை, வயதானவர்களை வைத்துக்கொண்டு எவற்றில் ஓட்டலாம்? (சான் ஹோசேயிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஹவாயில் சாலை எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே அது எந்தத் தீவு என்பது தெரிந்துவிடும். 1955இல் வகுக்கப்பட்ட முறைப்படி 1, 2 என்று தொடங்குபவை பெருந்தீவுக்கும், 3 மௌயிக்கும், 4 மொலொகாய், லானாய் ஆகிய இரண்டுக்கும், 5 கவாயிக்கும், 6 முதல் 9 வரை ஹொனலுலு அமைந்துள்ள ஓவாஹுவுக்கும் உரியவை. இரண்டு இலக்க எண் முதன்மைச் சாலையைக் குறிக்கும். மூன்று இலக்க எண் அதன் கிளையாகவோ, நீங்கள் கவனித்ததைப் போல அதன் தொடர்ச்சியாகவோ இருக்கும். எண் மாறும் இடத்தில் சாலை முடிவதில்லை, திருப்பமும் இருப்பதில்லை. ஆனால் மைல் கணக்கு மட்டும் பல இடங்களில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பயணிகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான்.

நீங்கள் கேட்ட 36, 360 சாலையையே, அதாவது மௌயியில் ஹானா என்ற ஊருக்குப் போகும் ஹானா சாலையையே எடுத்துக்கொள்வோம். கஹுலுயியிலிருந்து 36ஆம் எண்ணில் கிளம்பினால் சுமார் 16 மைலில் அந்த எண் முடிந்து, 360 தொடங்குகிறது. ஓரத்தில் நிற்கும் சிறிய பச்சைப் பலகை அங்கே மீண்டும் 0 காட்டும். அதன் பிறகு நூற்றுக்கணக்கான வளைவுகளையும், பெரும்பாலும் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ஐம்பதுக்கும் மேற்பட்ட பாலங்களையும் கடந்து, கியானே என்ற கடலோரச் சிற்றூரை நெருங்கும்போது பலகையில் மறுபடியும் 16 வரும். ஹானாவைத் தாண்டி 31ஆம் எண் பகுதிக்குள் நுழைந்தால் பலகைகள் 51இலிருந்து இறங்குமுகமாக எண்ணத் தொடங்கும். ஓஹெயோ அருவிக் குளங்கள் 42ஆம் மைலில் இருக்கின்றன. ஆகவே வண்டி பழுதாகி அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்க நேர்ந்தால், "மைல் 16" என்று மட்டும் சொல்லாமல், "360ஆம் எண் சாலை, மைல் 16" என்று சாலை எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் பெற்றோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். நடுவழியில் பல இடங்களில் கைப்பேசி சமிக்ஞை கிடைக்காது என்பதால், கிடைக்கும் ஒரே அழைப்பில் இடத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

பெருந்தீவில் 11, 19 ஆகிய இரண்டு சாலைகளும் ஹிலோவில் தொடங்கி, ஒன்று தெற்காகவும் மற்றொன்று வடக்காகவும் தீவைச் சுற்றி வந்து, மேற்குக் கரையிலுள்ள கைலுவா-கோனாவில் சந்திக்கின்றன. அதனால் அந்த ஊரில் ஒரு பக்கம் 100ஐ ஒட்டிய மைல் எண்ணையும், மறுபக்கம் 120ஐத் தாண்டிய எண்ணையும் பார்ப்பீர்கள். இரண்டும் சரியானவைதான்.

இனி பழைய சாலைகள். கிலாவேயா எரிமலைச் சரிவில் சாலைகளின் வரலாற்றை எழுதுவது எரிமலைக் குழம்புதான். பூங்காவையும் கலபானாவையும் இணைக்கும் கடலோரச் சாலை 1965இல் முழுமையடைந்தது. சில ஆண்டுகளில் குழம்பு அதன் ஒரு பகுதியை மூடியது. 1979இல் மீண்டும் திறந்தார்கள். 1986இல் மறுபடி துண்டிக்கப்பட்டது. 1990இல் கலபானா ஊரே புதைந்தது. உங்கள் பழைய வரைபடம் பொய் சொல்லவில்லை, அது அச்சான காலத்தில் சாலை இருந்தது. இன்று 130ஆம் எண் சாலை அந்தக் கருங்குழம்புப் பரப்பின் ஓரத்தில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பூங்காவுக்குக் காரில் போக வழி கிடையாது. வந்த வழியே கியாவு என்ற ஊருக்குத் திரும்பி, 11ஆம் எண்ணைப் பிடித்து, மைல் 28ஐத் தாண்டியதும் வரும் நுழைவாயிலில் நுழைய வேண்டும். 2018 வெடிப்பில் 132, 137 ஆகிய சாலைகளின் பகுதிகளும் புதைந்தன. அவற்றுள் 132ஐ 2019 இறுதியில் குழம்பின் மேலேயே அமைத்துத் திறந்தார்கள்.

இதற்கு நேர்மாறான கதை 200ஆம் எண், அதாவது சேடில் ரோடு. இரண்டாம் உலகப்போரின்போது ராணுவம் அவசரமாகப் போட்ட சாலை என்பதால் அது நெடுங்காலம் குறுகலாகவும் குண்டும் குழியுமாகவும் இருந்தது. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் அதைப் பெயர் சொல்லியே விலக்கின. இப்போது அகலப்படுத்தி, நேராக்கி, 2013இல் டேனியல் கே. இனோவே நெடுஞ்சாலை என்று பெயரும் மாற்றிவிட்டார்கள். ஹிலோவிலிருந்து மேற்குக் கரைக்குப் போக, என் கணிப்பில், பெற்றோருக்கு வசதியான சாலை இதுதான். 6,600 அடி உயரம் வரை ஏறுவதால் மூடுபனியும் குளிரும் இருக்கும். ஆளுக்கொரு கம்பளிச் சட்டை கையில் இருக்கட்டும். 28ஆம் மைலுக்கு அருகில் மௌனா கியா மலைக்குப் பிரியும் கிளைச் சாலையில் சுமார் 9,200 அடியில் உள்ள பார்வையாளர் நிலையத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிதான் வேண்டும்.

எண் இருப்பதாலேயே ஒரு சாலையை மாநில அரசு பராமரிக்கிறது என்று கொள்ளக் கூடாது. மௌயியின் மேற்குக் கரையில் அகலமாக வரும் 30ஆம் எண், கடல்நீர் பாறைத் துளை வழியே பீறிட்டெழும் நாகலேலே ஊதுதுளையைத் தாண்டியதும் 340 ஆகிறது. அதன் பெரும்பகுதி உள்ளூர் நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அந்த வழியிலுள்ள கஹகுலோவா என்ற சிற்றூர்ப் பக்கம் ஒருபுறம் மலை, மறுபுறம் தடுப்பில்லாத பள்ளம். எதிரே வண்டி வந்தால் இருவரில் ஒருவர் பின்னோக்கி ஓட்டித்தான் வழிவிட வேண்டும். வயதானவர்களோடு அந்த வழி வேண்டாம். ஹானாவுக்குத் தெற்கே 31ஆம் எண்ணின் கரடுமுரடான பகுதிக்கும் இதுவே என் ஆலோசனை. அங்கே வண்டி நின்றுபோனால் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள்.

கவாயியில் 56ஆம் எண் பிரின்ஸ்வில்லில் 560 ஆகிறது, மைல் கணக்கும் மறுபடி தொடங்குகிறது. இறக்கத்தின் அடியில் 1912இல் கட்டிய ஹனலேய் இரும்புப் பாலம். ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும். ஒரு பக்கத்திலிருந்து ஐந்து முதல் ஏழு வண்டிகள் வரிசையாகக் கடந்ததும் எதிர்ப்பக்கத்துக்கு வழிவிடுவது அங்கே வழக்கம்; முன்வண்டியை ஒட்டியே எட்டாவதாகப் போகாதீர்கள். 2018 ஏப்ரலில் ஒரே நாளில் சுமார் 50 அங்குலம் மழை கொட்டி, 560 சரிந்து, 2019 ஜூன் வரை வெளியார் போக முடியவில்லை. டிசம்பர் அங்கே மழைக்காலம். ஆறு பெருகினால் பாலத்தை மூடிவிடுவார்கள், சுற்றுவழி கிடையாது. ஊர் திரும்பும் விமானம் இருக்கும் நாளில் அந்தப் பாலத்துக்கு அப்பால் போகாதீர்கள்.