மலிவு விலை கேஷ்மியர் ஸ்வெட்டர் வாங்கலாமா?

டொரன்டோவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கணவரின் பிறந்தநாளுக்கு கேஷ்மியர் ஸ்வெட்டர் வாங்க நினைக்கிறேன். இப்போது 100 டாலருக்கே கிடைக்கிறது. அக்ரிலிக் என்றால் பிளாஸ்டிக். இது ஆட்டு ரோமம், இயற்கையானது, அதனால் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லை என்றுதான் நம்பியிருந்தேன். ஆனால் மகள், 'அந்த ஆடுகளால் மங்கோலியாவே பாலைவனமாகிறது' என்கிறாள். எது சரி? வாங்கலாமா, வேண்டாமா?"

உங்கள் மகள் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் பழியை ஆட்டின் தலையில் கட்டிவிட முடியாது. மங்கோலியாவில் வெள்ளாடு பல நூறாண்டுகளாக மேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. மாறியது அதன் எண்ணிக்கை.

அங்கே குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும். அதைத் தாங்கத்தான் முரட்டு மேல்மயிருக்கு அடியில் ஆட்டுக்கு மெல்லிய உள்ரோமம் வளர்கிறது. அதுதான் கேஷ்மியர். வசந்தத்தில் அது தானாக உதிரத் தொடங்கும். அப்போது ஆட்டைப் படுக்கவைத்து, காலைக் கட்டி, வளைந்த பற்கள் உள்ள கம்பிச் சீப்பால் வாரி எடுப்பார்கள். ஆண்டுக்கு ஒரே முறை, ஓர் ஆட்டுக்கு 250 அல்லது 300 கிராம். முரட்டு மயிர், மண், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் நீக்கினால் ஏறக்குறைய பாதிதான் தேறும். ஒரு ஸ்வெட்டருக்கு மூன்று நான்கு ஆடுகளின் ஓராண்டு ரோமம் வேண்டும். இத்தனைக்கும் பிறகு அது 100 டாலருக்கு விற்கப்படுகிறது என்றால், அந்த விலையில் சேராத செலவு ஒன்று எங்கோ இருக்கிறது. அது மேய்ச்சல் நிலத்தில் இருக்கிறது.

1990 வாக்கில் மங்கோலியாவில் சோஷலிச ஆட்சி முடிந்து கூட்டுப்பண்ணைகள் கலைந்தன. வேலை இழந்த பலர் மந்தை மேய்க்கத் திரும்பினார்கள். இறைச்சியையும் பாலையும் புல்வெளியின் நடுவிலிருந்து நகரத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாடு. ரோமம் அப்படியல்ல, கெடாது, எடையும் குறைவு, வியாபாரி கூடாரத்துக்கே வந்து ரொக்கம் கொடுத்து வாங்கிப் போவார். அன்றைக்குச் சுமார் 50 லட்சமாக இருந்த வெள்ளாடுகள் 2019-இல் ஏறத்தாழ 2.9 கோடி ஆயின. மக்கள்தொகையோ அப்போது 33 லட்சம்தான். குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு என்று ஐந்தும் கலந்ததுதான் அவர்களுடைய மந்தை. அதில் ஐந்தில் ஒன்றாக இருந்த வெள்ளாடு, ஐந்தில் இரண்டு பங்காகிவிட்டது.

வெள்ளாடு புல்லைத் தரையோடு ஒட்டக் கடிக்கும், சிலவற்றை வேரோடு பிடுங்கும், புதரையும் விடாது. நல்ல புல் போன இடத்தில், கால்நடைகள் அவ்வளவாக விரும்பாத, நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த செடிகள் பரவுகின்றன. மண் வெளியே தெரியத் தொடங்கினால் மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே பசுமை குறைந்ததில் சுமார் 80 சதவீதத்துக்குக் கால்நடைப் பெருக்கமே காரணம் என்றது. பருவநிலையையும் விட்டுவிடக் கூடாது. 1940-க்குப் பிறகு மங்கோலியாவின் சராசரி வெப்பம் 2 டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கிறது. கோடையில் வறட்சி, அடுத்து கொடும் பனி என்று சேர்ந்து வருவதை அவர்கள் 'ட்ஸுட்' என்பார்கள். மேய்ச்சல் சரியில்லாமல் மெலிந்த ஆடுகள்தான் அதில் முதலில் சாகும். 2023–24 குளிரில் மட்டும் 70 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் செத்தன.

பிறகு ஏன் ஆட்டைக் குறைக்க மாட்டேன் என்கிறார்கள்? மேய்ப்பவருக்குப் பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் பணம். மெல்லிய ரோமமும் முரட்டு ரோமமும் ஒரே விலைக்குப் போனால், வருமானம் கூட ஒரே வழி ஆட்டைக் கூட்டுவதுதான். இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் படிப்புச் செலவுக்கு வேறு வழி காட்டாமல் மந்தையைக் குறை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மலிவு ஸ்வெட்டர்ச் சந்தை இந்தச் சுழலை இன்னும் முடுக்கிவிடுகிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பழைய துணிக் கடைகளில் முதலில் தேடுங்கள். ஏற்கெனவே பின்னிய ஸ்வெட்டருக்குப் புதிதாக ஓர் ஆடு தேவையில்லை. என் முதல் பரிந்துரை இதுதான். மறுசுழற்சி செய்த கேஷ்மியரும் நல்லது. இத்தாலியின் பிராட்டோ நகரம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பழைய கம்பளியைப் பிரித்து நூலாக்கி வருகிறது. புதியதுதான் வேண்டுமென்றால், சஸ்டெயினபிள் ஃபைபர் அலையன்ஸ் அல்லது குட் கேஷ்மியர் ஸ்டாண்டர்ட் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். மேய்ச்சல் நிலம், ஆடு இரண்டின் நலத்துக்கும் விதிகள் வைத்து யாரோ கவனிக்கிறார்கள் என்ற அளவுக்கு அது உதவும்.

கடையில் தொட்டதும் பஞ்சுபோல் பொசுபொசுவென்று இருந்தால் மயங்காதீர்கள். உள்ளங்கையால் பத்துப் பதினைந்து முறை தேய்த்துப் பாருங்கள். உடனே இழைகள் உருண்டு திரள ஆரம்பித்தால் அது குட்டை இழை, இரண்டு குளிர்காலம் தாங்காது. நல்லது என்றால் லேசாக இழுத்துவிட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடையாகத் தெரியாது. கையில் 100 டாலர்தான் என்றால், அந்தப் பணத்துக்கு நல்ல மெரினோ செம்மறிக் கம்பளியே கிடைக்கும். செம்மறி ஆண்டுக்குக் கிலோக் கணக்கில் கம்பளி தருவதால், ஒரு ஸ்வெட்டருக்கு ஓர் ஆடு போதும்.

வாங்கியதை பத்து ஆண்டாவது உடுத்துங்கள். குளிர்ந்த நீரில் கையால் அலசி, பிழியாமல், துண்டின் மேல் விரித்துக் காய வையுங்கள். ஹேங்கரில் தொங்கவிடாமல் மடித்து வையுங்கள். குளிர் முடிந்து பெட்டியில் வைக்கும் முன் கட்டாயம் ஒருமுறை துவைத்துவிடுங்கள். வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தைத்தான் அந்துப்பூச்சி முதலில் தேடி வரும்.