பேராசிரியர் வேலையை விட்டுவிடட்டுமா?

கேள்வி: நான் பல்கலைக்கழகப் பேராசிரியை. எங்கள் ஆய்வகத்தில் உருவான சென்சாரை வைத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பெனி தொடங்கினோம். பங்குகளில் எனக்கு 45 சதவீதம், காப்புரிமையைக் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கு 40, என்னிடம் முனைவர் பட்டம் முடித்த மாணவிக்கு 15. அவள்தான் கம்பெனியை நடத்துகிறாள். கையில் உள்ள மானியம் ஐந்து மாதத்தில் தீர்ந்துவிடும். முதலீட்டாளர்கள் பாராட்டுகிறார்கள், பணம் தருவதில்லை. ராஜினாமா செய்துவிட்டு நானே இறங்கட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இப்போதைக்கு ராஜினாமா வேண்டாம். முதலில் கைவைக்க வேண்டியது நீங்கள் கேட்காத ஒன்றில்: அந்த 15 சதவீதத்தில்.

ஒரு முதலீட்டாளர் வந்து 20 சதவீதம் எடுத்தால் எல்லார் பங்கும் அதே விகிதத்தில் குறையும், மாணவியின் பங்கு 12 ஆகிவிடும். அடுத்த முதலீட்டுச் சுற்றிலும் அப்படியே போனால் 9.6. அப்போதும் உங்களிடமும் பல்கலைக்கழகத்திடமும் சேர்த்து 54.4 இருக்கும். முழுநேரம் உழைப்பவரிடம் பத்துகூட இல்லை, அன்றாடம் வராதவர்களிடம் பாதிக்கு மேல். வேறொரு நல்ல வேலை கிடைத்தால் இந்தப் பெண் போய்விட மாட்டாளா என்றுதான் பணம் போடுகிறவர் யோசிப்பார். அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார், பாராட்டிவிட்டு நழுவிவிடுவார்.

பேராசிரியர் வேலையில் இருந்துகொண்டே கம்பெனி வளராதா? வளரும். மரபணுத் தொழில்நுட்பத்தில் மருந்து தயாரிக்கும் ஜெனென்டெக் கம்பெனியை 1976இல் தொடங்கிய ஹெர்பர்ட் பாயர் தன் பேராசிரியர் பதவியை விடவில்லை. ஆனால் முதலீட்டுத் துறையிலிருந்து வந்த ராபர்ட் ஸ்வான்சன் முழுமூச்சாகக் கம்பெனியை நடத்தினார். இருவரும் போட்டது ஆளுக்கு 500 டாலர். உங்கள் மாணவி ஸ்வான்சனாக முடியுமா, அல்லது விற்பனை தெரிந்த இன்னொருவர் அவருக்குத் துணையாக வேண்டுமா என்பதை அவரையே உட்காரவைத்துக் கேளுங்கள். வழிகாட்டியிடம் மாணவி மனம்விட்டுப் பேசுவது கடினம். அதனால் நீங்கள் பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்தின் 40 அதிகம். பிரிட்டனில் அரசு கேட்டு 2023இல் வெளிவந்த ஆய்வறிக்கை, உயிரியல் சார்ந்த கம்பெனிகளில் பல்கலைக்கழகம் 10 முதல் 25 சதவீதம் எடுக்கலாம், மென்பொருள் என்றால் 10 அல்லது அதற்கும் குறைவு போதும் என்றது. கூகுளின் தேடல் காப்புரிமைக்கு ஸ்டான்ஃபோர்டு பெற்றது சுமார் 18 லட்சம் பங்குகள். கம்பெனியின் மொத்தப் பங்குகளில் அது சிறு துண்டுதான். ஆனால் அவற்றை விற்றதில் ஸ்டான்ஃபோர்டுக்கு 33 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. இதைச் சொல்லிப் பேசிப் பாருங்கள். முதலில் நீங்கள் உங்கள் 45இலிருந்து மாணவிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போனால் பேச்சு எடுபடும். அதே மூச்சில், கம்பெனி தொடங்கிய பிறகு உங்கள் ஆய்வகத்தில் மற்ற மாணவர்கள் செய்த மேம்பாடுகள் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். முதலீட்டாளரின் வக்கீல் தோண்டுகிற இடம் அது.

இனி சென்சார். ஒரு தொழில்நுட்பம் பயன்பாட்டுக்கு எவ்வளவு தயார் என்று அளக்க நாசா வகுத்த ஒன்பது படி அளவுகோலில், ஆய்வகத்தில் மட்டும் சரியாக வேலை செய்யும் கருவி நாலாம் படியில்தான் நிற்கிறது. ஆராய்ச்சி மானியம் அதற்குமேல் ஏற்றிவிடுவது அபூர்வம். ஆய்வகம் தெரியாத ஒருவர் பத்து சென்சார்கள் செய்து, பத்தும் ஒரே அளவைக் காட்டினவா? இல்லையென்றால் உங்களிடம் இருப்பது மாணவியின் கைப்பக்குவம், விற்கிற பொருள் அல்ல. இதற்குக் காலம் பிடிக்கும்: ஆக்ஸ்ஃபோர்டு நானோபோர் கம்பெனி தொடங்கியது 2005இல், டிஎன்ஏவைப் படிக்கும் அதன் கையடக்கக் கருவி வெளியாட்கள் கைக்குப் போனது 2014இல்.

ஒன்று கவனித்தீர்களா? கடிதம் முழுக்க, இந்த சென்சாரை வாங்கப்போவது யார் என்று ஒரு வரி இல்லை. மீதமுள்ள ஐந்து மாதத்தில் முதலீட்டாளர்களைப் பார்ப்பதைக் குறைத்து, காசு கொடுத்துச் சோதித்துப் பார்க்கும் ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பிடியுங்கள். தொகை சிறிதானாலும் பரவாயில்லை. அதன் பிறகும் இறங்கத் தோன்றினால், ராஜினாமாவுக்குப் பதில் ஓராண்டு விடுப்புக்கு எழுதிப்போடுங்கள்.