இரண்டு வாரம் உணவை மாற்றினால் பெருங்குடலில் ஏதாவது மாறுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வெள்ளை ரொட்டியும் பொரித்த கறியுமாகச் சாப்பிடுபவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மாறும். சான்று நம் குவாசூலு-நட்டாலிலேயே இருக்கிறது.

2015-இல் வெளியான ஆய்வில், இங்குள்ள கிராமத்து ஆப்பிரிக்கர் 20 பேரும் பிட்ஸ்பர்க்கின் ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேரும் இரண்டு வாரம் உணவு முறையை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களின் நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 ஆனது. நாரைப் புளிக்கவைத்துக் குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் கொழுப்பமிலமான பியூட்டிரேட் சுமார் இரண்டரை மடங்கு கூடியது. கிராமத்தாருக்கு 66 கிராம் 12 ஆகக் குறைந்தது, பியூட்டிரேட்டும் பாதியானது. பெருங்குடல் உட்சுவர்ச் செல்களுக்கு அதுதான் முதன்மை எரிபொருள். புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புடைய, உட்சுவரின் அழற்சிக் குறியீடுகளும் அதற்கேற்ப மாறின. ஆனால் 14 நாளில் புற்றுநோய் குறைந்ததாக இதை வாசிக்கக் கூடாது.

வீட்டில் ஒரேயடியாக 55 கிராமுக்குத் தாவாதீர்கள். வயிறு ஊதி, வாயு படுத்தும். நார்ச்சத்து மிக்க சுகர் பீன்ஸை (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ்) இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். முதல் வாரம் கால் கப், பிறகு அரை கப். குடிக்கும் தண்ணீர் குறைந்தால் மலம் இன்னும் இறுகும். மலத்தில் இரத்தம் கண்டால் பீன்ஸை நம்பி இருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.