பேருந்திலும் ரயிலிலும் முன்பின் தெரியாதவர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் இயேசுவைப் பற்றி அச்சடித்த கைப்பிரதிகளை வாரத்துக்கு இத்தனை கொடுக்க வேண்டும் என்று கணக்குச் சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. பேருந்து நிலையத்தில் போய் நின்றதும் வாய் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

2008இல் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறினேன். பேசப் பயந்து, உட்கார்ந்திருந்த எல்லார் கையிலும் கைப்பிரதியைத் திணித்துவிட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். எதிரே இருந்த பெரியவர் கண்ணாடியை மாட்டி அதை முழுக்க வாசித்தார். அப்புறம் பையிலிருந்து பன்னீர் இலையில் மடித்த திருச்செந்தூர் விபூதியை எடுத்தார்.

"நீ குடுத்தத நான் வாங்கிட்டேன் தம்பி. நான் குடுத்தா நீ பூசிக்குவியா?"

"இல்ல ஐயா, என்னால முடியாது" என்றேன். முகம் சுட்டது.

அவர் கோபப்படவில்லை. "அப்போ எனக்கும் வேண்டாம்னு சொல்ல எடம் குடுத்திருக்கலாம்லா?" என்று கைப்பிரதியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அச்சடிச்சத விடு. நீ ஏன் நம்புதே, அதச் சொல்லு" என்றார்.

என் அப்பா குடியை விட்ட கதையைச் சொன்னேன். ஜெபத்தில் ஒரு ராத்திரி முழுக்க அழுத அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கோவில்பட்டி தாண்டும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அவர் திருவாசகம் சொன்னார், நான் கேட்டேன். "சாயர்புரத்துல இருந்த போப் ஐயர் 1900லேயே இத இங்கிலீஷ்ல போட்டுட்டார். நீ தமிழ்லயாவது வாசிச்சியா?" என்றார். நான் வாசித்ததில்லை. ஊர் திரும்பியதும் முதலில் வாங்கிய புத்தகம் அதுதான். மதுரையில் இறங்கும்போது, "அப்பாவ விசாரிச்சேன்னு சொல்லு" என்றார்.

அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. மதமாற்றம் என்று சண்டைக்கு வருகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பவும் உரிமை தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. மனதைத் திருப்புவது ஆண்டவர் வேலை. 'சுவிசேஷத்துக்கு வெட்கப்படுகிறாயா' என்று கேட்கும் நம் ஆட்களுக்கும் சொல்கிறேன்: பைபிளில் கிணற்றடியில் சந்தித்த சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் கேட்டது குடிக்கத் தண்ணீர், உபதேசம் அப்புறம்தான்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் சபையில் நிர்வாகிகள் தேர்தல் வந்தால் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள், காசு புழங்குகிறது, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அறுந்துபோகிறது. அதே ஆட்கள்தான் வாலிபர்களிடம் ஊழியக் கணக்குக் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு இந்து அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் பேருந்தில் என்ன சொல்லி என்ன?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தூங்குகிறவரை எழுப்பாதீர்கள், கைக்குழந்தையோடு திண்டாடுகிறவரிடம் பையை வாங்கிப் பிடியுங்கள், கைப்பிரதியை நீட்டாதீர்கள். பேச்சு தானாக வந்தால், "நான் நம்புறதச் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் ஊர்க்கதை பேசுங்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று சபையில் தாள் நீட்டினால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். நான் பல வருடமாக அப்படித்தான் விடுகிறேன்.