அந்தப் பாவாடையின் வலது ஓரம்

அன்புள்ள மேடம்,

பழைய புத்தகக் கடையில் ஒரு படம் கிடைத்தது. 1950களில் ரெனே க்ருவோ என்ற ஃபேஷன் ஓவியர் வரைந்த மஞ்சள் நிற வசந்தகால கவுன். மகளின் பிறந்தநாளுக்கு அதேபோல் தைக்கக் கொடுத்தேன். "இது அரைகுறைப் படம்மா, தையலே தெரியலை" என்கிறார் டெய்லர். உண்மைதான், பாவாடையின் வலது ஓரத்தைக் காணோம், முகத்தில் ஒரு கண்ணும் இல்லை. அவ்வளவு அவசரமா அந்த ஓவியருக்கு? எத்தனை மீட்டர் துணி எடுக்கலாம்?

அன்புள்ள வாசகிக்கு,

டெய்லரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு வேண்டியது அளவு. நீங்களும் சேர்ந்துகொண்டு 'அவசரமா' என்று கேட்டீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இருபது வயதில் க்ருவோவைக் காப்பியடித்துப் பார்த்தவள் நான். தோளில் தொடங்கி, இடுப்பில் ஒடுங்கி, கீழே விரியும் ஒரே இழுப்பு. தாள் தாளாக வீணடித்தேன். கை தயங்கிய இடத்தில் மை குளம் கட்டிக்கொள்ளும். நான் வரைந்த பாவாடைகள் எல்லாம் தகரத்தில் அடித்தவை மாதிரி விறைத்து நின்றன. ஒருநாள் வலது ஓரத்தை வேண்டுமென்றே விட்டுப் பார்த்தேன். காகிதத்தின் வெள்ளை அப்படியே வெயிலாகிவிட்டது! ஓரத்தை அடைக்காததால்தான் உங்கள் மஞ்சள் கவுன்காரி இன்னும் திரும்பிக்கொண்டே இருக்கிறாள். அதைப் போய் அரைகுறை என்கிறீர்கள். கண்ணை விடுங்கள், தொப்பி நிழல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்புறம், பாரிஸில் வசந்தகால உடைகளைக் குளிரிலேயே காட்டிவிடுவார்கள். க்ருவோவின் நண்பர், ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோரின் முதல் ஃபேஷன் காட்சி 1947 பிப்ரவரி 12 அன்று. ஐரோப்பாவே விறைத்துப்போன குளிர்காலம், நிலக்கரி கிடைக்கவில்லை. பிரிட்டனில் துணிக்குப் போர்க்கால ரேஷன் கூப்பன், அது 1949 வரை ஓயவில்லை. அந்த நேரத்தில் மீட்டர் மீட்டராகத் துணியை விழுங்கும் பாவாடைகள்! பாரிஸ் தெருவில் அதை உடுத்திவந்த ஒரு பெண்ணின் உடையைப் பிடித்துக் கிழித்தே விட்டார்கள் மற்ற பெண்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்தப் பாவாடைகளைத்தான் க்ருவோ வரைந்தார். வருஷக்கணக்கில் துணியை எண்ணி எண்ணி வெட்டிய ஊரில் அப்படி ஒரு வீச்சு வருவதற்கு எவ்வளவு ஏக்கம் சேர்ந்திருக்க வேண்டும்!

சரி, துணி. 'அம்ப்ரெல்லா கட், உள்ளே கேன்கேன்' என்று சொல்லுங்கள், மீட்டர் கணக்கை டெய்லரே சொல்லுவார். படத்தை மட்டும் இன்றைக்கே போய்த் திருப்பி வாங்கிவிடுங்கள். அந்த மனிதர் வலது ஓரத்தைச் சாக்பீஸால் போட்டுவிடப் போகிறார்.