வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ்: மூளை குழம்புமா?

கேள்வி: எனக்கு 44 வயது. கோவையில் ஒரு மில்லில் கணக்கு பார்க்கிறேன். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். சில மாதங்களாகப் பேச்சு நடுவே வார்த்தை கிடைக்காமல் நின்றுவிடுகிறேன். பில் போடும்போது போன் வந்தால், பேசி முடித்ததும் எங்கே விட்டேன் என்றே தெரிவதில்லை. இரண்டு மொழி பேசுவதால்தான் என்கிறார் நாத்தனார். மகளிடம் தெலுங்கு பேசுவதை நிறுத்தலாமா டாக்டர்?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா.

வார்த்தை கிடைக்காத விஷயத்தில் மொழிக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. தமிழில் பேசும்போதும் தெலுங்கு உள்ளே விழித்தேதான் இருக்கும். அதை அடக்கி வைத்துக்கொண்டுதான் மூளை பேசுகிறது. அதனால் சொல் நுனிநாக்கில் வந்து நிற்பது இருமொழிக்காரர்களுக்குச் சற்று அதிகம். மொழி மாறும்போதும் நொடியில் சிறு பங்கு தாமதமாகும். 1999-ல் மியூட்டர், ஆல்போர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இரு மொழிகளில் மாற்றி மாற்றி எண்களைச் சொல்லவைத்துப் பார்த்தார்கள். நன்றாகத் தெரிந்த மொழிக்குத் திரும்பத்தான் கூடுதல் நேரம் பிடித்தது! வலுவான மொழியை அழுத்தி அடக்க வேண்டியிருப்பதால், அது மறுபடி எழவும் நேரமாகிறது என்பது அவர்கள் விளக்கம்.

ஆனால் இதை நீங்கள் சிறுவயது முதல் செய்துவருகிறீர்கள். தொந்தரவோ சில மாதங்களாகத்தான். அப்படியானால் புதிதாக வந்தது வேறு ஏதோ. தூக்கம் எப்படி இருக்கிறது? மாதவிடாய் தள்ளிப்போகிறதா? இந்த வயதில் அந்த மாற்றமே கவனத்தைக் கலைக்கும். சளி, அரிப்புக்கு மாத்திரை போடுகிறீர்களா? அதுவும் கவனத்தைக் கலைக்கலாம். தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை நான்கையும் பார்த்துவிடுங்கள். போன் எடுக்கும் முன் பில்லில் விட்ட வரியில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். வேலை நடுவே இழுத்தால் எத்தனை மொழி தெரிந்தவருக்கும் இழை அறும்.

இரு மொழி தெரிந்தால் கவனக் கட்டுப்பாடு கூடும் என்றும் சொல்வார்கள். 2004-ல் கனடாவின் உளவியலாளர் பியாலிஸ்டாக்கின் குழு அப்படித்தான் கண்டது. அதில் நம் நாட்டுத் தமிழ்-ஆங்கிலக்காரர்களும் இருந்தார்கள். பிறகு 2018-ல் 152 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றும் திறனிலும் பொதுவான கவனத்திலும் நம்பும்படியான லாபம் தெரியவில்லை. ஹைதராபாத்தில் 648 மறதிநோயாளிகளைப் பார்த்த 2013 ஆய்வு மட்டும் என்னை யோசிக்க வைக்கிறது: இருமொழிக்காரர்களுக்கு நோய் சுமார் 4½ ஆண்டு தள்ளியே தொடங்கியிருந்தது, படிக்காதவர்களுக்கும்கூட. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்த கணக்கு என்பதால், இதை உறுதியான பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். கெடுதல் இல்லை என்பதைத் தயங்காமல் சொல்வேன்.

தெரிந்த தெருவில் வழி தவறினாலோ, வழக்கமான கணக்கே தப்பினாலோ, இரண்டு மொழியிலும் எளிய சொற்கள் மறந்துபோனாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பேச்சு திடீரென்று குழறினாலோ, வாய் ஒருபக்கம் கோணினாலோ, கை மரத்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.