ஒரே மலை, பல கித்தான்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் 2022 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை நடந்த, பிரெஞ்சு ஓவியர் பால் செசானின் கண்காட்சிக்குப் போயிருந்தேன். செயின்த் விக்த்வார் மலையை அவர் வரைந்த படங்களுக்கென்றே அங்கே ஓர் அறை இருந்தது. அந்த அறை இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அவர் காலத்து ஓவியர் மோனே ஒரே வைக்கோல்போரை வெவ்வேறு பொழுதுகளில் வரைந்ததன் நோக்கம் எனக்குப் புரிகிறது. செசானின் மலையிலோ பொழுதும் மாறவில்லை, பருவமும் பெரிதாக மாறவில்லை. சில படங்களில் வண்ணம் படாத கித்தான் அப்படியே தெரிகிறது. முடிக்காத வேலையை மேதைமை என்று கொண்டாடுகிறோமா, அல்லது எனக்குத்தான் ஓவியம் பார்க்கத் தெரியவில்லையா?

ஆர்., லண்டன்

அன்புள்ள ஆர்.,

பொழுது மாறவில்லை என்பதைக் கவனித்த ஒருவருக்கு ஓவியம் பார்க்கத் தெரியவில்லை என்று நான் சொல்லமாட்டேன். செசான் பிறந்து, வாழ்ந்து, மறைந்த, அந்த மலைக்கு அருகே தென் பிரான்சில் உள்ள எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரமே அவரை ஏற்றுக்கொள்ள வெகுகாலம் எடுத்துக்கொண்டது. அந்நகர அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த ஆன்ரி பொந்தியே, தாம் உயிரோடிருக்கும்வரை செசானின் படம் ஒன்றுகூட உள்ளே வராது என்று சூளுரைத்தவர். இன்று கிரானே அருங்காட்சியகம் எனப்படும் அந்த இடத்தில், 1984-இல் பிரெஞ்சு அரசு எட்டு ஓவியங்களை ஒப்படைத்த பிறகுதான் செசானுக்கென ஒரு பகுதி அமைந்தது.

மோனேயின் படங்களில் மாறுவது ஒளி. வைக்கோல்போர் அந்த ஒளியை வாங்கிக் காட்டும் பொருள் மட்டுமே. செசானும் 1870களில் ஓவியர் பிஸாரோவுடன் வெட்டவெளியில் அமர்ந்து வரைந்து, மாறும் ஒளியைப் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிஸ்டு ஓவியர்களின் நிறங்களைக் கற்றவர்தான். ஆனால் சொந்த ஊருக்குத் திரும்பிய பின் அவரை அலைக்கழித்த கேள்வி வேறு. கடல்மட்டத்திலிருந்து 1,011 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஒரு சுண்ணாம்புக்கல் மலையின் கனத்தை, எல்லைக்கோட்டையும் நிழலையும் நம்பியிராமல், நிறத்தை மட்டுமே கொண்டு தட்டையான ஒரு பரப்பில் எப்படி நிலைநிறுத்துவது என்பதே அந்தக் கேள்வி. மணிக்கொருதரம் மாறும் ஒளி அதற்கு உதவாது, இடையூறாகத்தான் இருக்கும். ஆகவே நீங்கள் குறையாகக் கண்ட அந்த மாறாத பொழுது, அவர் தெரிந்தே தேர்ந்துகொண்டது.

1902 முதல் அவர் ஊருக்கு வெளியே லோவ் குன்றில் புதிதாகக் கட்டிய ஓவியக் கூடத்தில் வேலை செய்தார். அங்கிருந்து சற்று மேலே ஏறினால் மலை முழுவதும் தெரியும். அந்த இடத்திலிருந்து வரைந்த கடைசிக்காலப் படங்களில் ஒன்றை மிக அருகில் நின்று பார்த்தால், சமவெளி என்று எதுவும் தெரியாது. பச்சை, காவி, ஊதா நிறங்களில் ஏறக்குறைய ஒரே அகலமுள்ள தீற்றல்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் எது மரம், எது வயல், எது வீட்டுச் சுவர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாலைந்து அடி பின்னால் வாருங்கள். காவித் தீற்றல்கள் முன்னால் வருகின்றன, நீலங்கள் பின்வாங்குகின்றன, தரை மெல்லப் படுத்துக்கொள்கிறது, அதன் கோடியில் மலை எழுகிறது. வானத்தில் மரங்களின் அதே பச்சை வந்திருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும். வானமும் நிலமும் ஒரே பொருளால் ஆனவை என்று அவர் பார்த்திருக்கிறார் என்றே நான் எண்ணுகிறேன். 1930களில் ஜான் ரிவால்ட் முதலான ஆய்வாளர்கள், அவர் நின்ற இடங்களைத் தேடிப்போய் எடுத்த புகைப்படங்களில் மலை சிறிதாகவும் எட்டத்திலும் இருக்கிறது. ஓவியத்திலோ அது நெருங்கி வந்து நிற்கிறது. கண் எதன்மேல் நிலைக்கிறதோ அது மனத்தில் பெரிதாகிவிடும் அல்லவா? கேமராவுக்கு அந்த ஈடுபாடு இல்லை.

வெற்றுக் கித்தானைப் பற்றிய உங்கள் ஐயத்திற்கு, ஓவிய வணிகர் வொல்லார் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சியில் விடை இருக்கிறது. 1899-இல் தம் உருவப்படத்திற்காக அவர் 115 முறை அமர்ந்தார். அதற்குப் பிறகும் கையில் இரண்டு சிறு இடங்கள் வண்ணமின்றி இருந்ததைச் சுட்டிக்காட்டியபோது, அங்கே ஏதோ ஒரு நிறத்தை வைத்துவிட்டால் அந்த இடத்திலிருந்து படம் முழுவதையும் மறுபடி வரைய வேண்டியிருக்கும் என்று செசான் சொன்னாராம். மலைப் படங்களில் உள்ள வெற்றிடங்களையும் இதை வைத்தே பார்க்கிறேன். தமக்கு உறுதிப்படாத நிறத்தை வைத்து இடத்தை நிரப்ப அவர் மனம் ஒப்பவில்லை. அந்த இடங்களை மறைத்துவிட்டால் படம் மூச்சுவிடாது என்பது என் துணிபு.

உங்கள் உறுத்தலுக்கு அந்த அறையின் அமைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே மலையின் படங்களை வரிசையாக மாட்டிவைத்தால் கண் தானாகவே வேறுபாடு தேடத் தொடங்கிவிடுகிறது. மோனேயை அப்படிப் பார்க்கலாம். அவர் அதற்காகவே 1891-இல் வைக்கோல்போர்களை ஒரே இடத்தில் காட்சிக்கு வைத்தார். செசானின் படங்கள் தனித்தனியாக உழைத்து உருவானவை; சில படங்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஆனது. 1906 செப்டம்பரில் மகனுக்கு எழுதிய கடிதத்தில், ஆற்றங்கரையில் ஒரே இடத்தில் இருந்துகொண்டு சற்று வலப்புறமோ இடப்புறமோ சாய்ந்தாலே மாதக்கணக்கில் வேலை செய்யலாம் என்கிறார். அடுத்த மாதம் வெளியில் வரைந்துகொண்டிருந்தபோது புயல்மழையில் சிக்கி, சில நாட்களில் இறந்துபோனார்.

நீங்கள் லண்டனில் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். கோர்ட்டால்ட் காட்சிக்கூடத்தில் 1887-ஐ ஒட்டி வரைந்த, பெரிய பைன் மரத்துடன் கூடிய செயின்த் விக்த்வார் இருக்கிறது. கூட்டம் குறைந்த ஒரு வேலைநாளில் போய், அந்த ஒரு படத்தை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். மேலே நீண்டு வரும் பைன் கிளை மலைமுகட்டின் வளைவை அப்படியே தொடர்கிறது. கைக்கெட்டும் தொலைவிலுள்ள கிளையும் பல மைலுக்கு அப்பாலுள்ள முகடும் எந்த இடத்தில் ஒன்றையொன்று தொடுவதுபோலத் தோன்றுகின்றன, அந்த இடத்தில் அவர் என்ன நிறம் வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள். பார்த்தபின் எழுதுங்கள்.